இலவசமும் ஒரு விலைதான்: இணையச் சமநிலையும் டேட்டா கட்டணமும்

நள்ளிரவு 12 முதல் காலை 6 மணி வரை எவ்வளவு டேட்டா பயன்படுத்தினாலும் கணக்கில் சேராது என்று ஒரு தொலைபேசி நிறுவனம் இந்தியாவில் திட்டம் அறிவிக்கலாம். அதே நிறுவனம், 'வாட்ஸ்அப் பயன்படுத்தினால் மட்டும் கணக்கில் சேராது' என்று அறிவித்தால் அது விதிமீறல். நாளொன்றுக்கு 50,000 ரூபாய் வரை கட்ட நேரிடும். இரண்டு திட்டங்களும் வாடிக்கையாளருக்கு லாபம் தருபவைதாம். இரண்டிலும் யாருக்கும் ஒரு பைசா கூடுதல் செலவில்லை. பிறகு எப்படி ஒன்று சலுகையாகவும் மற்றொன்று குற்றமாகவும் ஆனது?

தொலைபேசி நிறுவனங்கள் பெரிய இணைய நிறுவனங்களிடம் வலையமைப்புச் செலவில் 'நியாயமான பங்கு' கேட்கும் ஒவ்வொரு முறையும் 'இணையச் சமநிலை' என்ற சொல் செய்திகளில் தலைகாட்டுகிறது. இணைய வேகம் பற்றிய தொழில்நுட்ப விவகாரம் என்று சிலரும், பணக்கார நிறுவனங்களின் பங்காளிச் சண்டை என்று சிலரும் அதைக் கடந்துபோகிறார்கள். பங்காளிச் சண்டை என்பது பாதி உண்மை. மறுபாதியைப் புரிந்துகொள்ள மேலே கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்கலாம்.

டேட்டா போகும் வழி

நாம் அனுப்பும் படமும் பார்க்கும் காணொளியும் முழுதாகப் பயணிப்பதில்லை. சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்பியவர் முகவரியும் பெறுபவர் முகவரியும் எழுதப்பட்டுப் புறப்படுகின்றன. வழியில் உள்ள ரவுட்டர் என்ற கருவி முகவரியைப் படிக்கிறது. அடுத்த ரவுட்டருக்குத் தள்ளிவிடுகிறது. உள்ளே இருப்பது பாட்டா, பாடமா, வங்கிக் கணக்கா என்பது அதன் வேலைக்குத் தேவையில்லாத தகவல்.

திருநெல்வேலியில் ஒருவர் வெளிநாட்டு இணையதளம் ஒன்றைத் திறக்கிறார் என்று கொள்வோம். கைபேசியிலிருந்து கிளம்பும் கோரிக்கை பக்கத்துக் கோபுரத்துக்குப் போய், அங்கிருந்து ஃபைபர் வழியாகச் சென்னையை அடைகிறது. சென்னையில் கரையேறும் கடலடி கேபிளைப் பிடித்துச் சிங்கப்பூர் போகிறது. அதன்பின் வேறொரு நிறுவனத்தின் கேபிள், இன்னொரு நிறுவனத்தின் கேபிள், கடைசியில் அந்தத் தளத்தின் சர்வர். இந்த நெடும்பாதையில் அவருக்கு சிம் கார்டு விற்ற நிறுவனத்தின் கையில் இருப்பது தொடக்கத்திலுள்ள ஒரு பகுதி மட்டுமே. ஆனால் அந்தப் பகுதியைத் தாண்டாமல் வேறெங்கும் போக முடியாது. ஊருக்குள் ஆயிரம் தெரு இருக்கலாம். வீட்டுக்கு வாசற்படி ஒன்றுதான். வாசற்படியில் நிற்பவருக்குக் கிடைக்கும் இந்த வசதிதான் விவகாரத்தின் வேர்.

சமநிலை குலையும் மூன்று வழிகள்

தன் வலையமைப்பில் செல்லும் எல்லாப் பொட்டலங்களையும், அவை யாருடையவை, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துப் பாகுபாடு காட்டாமல் சேவை நிறுவனம் கொண்டுசேர்க்க வேண்டும் என்பதே இணையச் சமநிலை. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ 2003இல் எழுதிய ஓர் ஆய்வுக் கட்டுரையிலிருந்து இந்தப் பெயர் பரவியது. கருத்து அதைவிடப் பழையது. இன்னார் சரக்கை ஏற்றுவேன், இன்னார் சரக்கை ஏற்ற மாட்டேன் என்று ரயில் நிறுவனமோ தந்தி நிறுவனமோ சொல்லக் கூடாது என்ற விதி இணையத்துக்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது.

இந்தச் சமநிலையை மூன்று விதமாகக் குலைக்கலாம்.

1. தடுத்தல். குறிப்பிட்ட தளம் அல்லது செயலி திறக்காமலே செய்வது.

2. வேகத்தை மாற்றுதல். ஒரு காணொளிச் சேவை தங்கு தடையின்றி ஓடும். அதன் போட்டிச் சேவை சுற்றிக்கொண்டே இருக்கும்.

3. விலையை மாற்றுதல். எல்லாம் திறக்கும், எல்லாம் ஒரே வேகத்தில் ஓடும். ஆனால் ஒன்றுக்கு மெகாபைட் கணக்கு உண்டு, மற்றொன்றுக்கு இல்லை.

முதல் இரண்டைப் பயனாளர் உடனே உணர்வார், எரிச்சலடைவார், புகார் செய்வார். மூன்றாவதைச் செய்தால் நன்றி சொல்வார். ஒழுங்குபடுத்துவதற்கு மூன்றாவதே கடினமானது என்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த மூன்றாவதற்குள்ளேயே பல உருவங்கள் உண்டு. இணையவழி அழைப்புச் செயலிகளுக்கு மட்டும் கூடுதல் கட்டணம் என்பது ஒன்று. ஒரு காலத்தில் கடைகளில் விற்ற 'வாட்ஸ்அப் பேக்', 'ஃபேஸ்புக் பேக்' போன்ற தனி ரீசார்ஜ்கள் இன்னொன்று. ஒரு செயலியின் டேட்டாவைக் கணக்கிலேயே சேர்க்காமல் விடுவதற்கு ஜீரோ ரேட்டிங் என்று பெயர். அந்தச் செயலி தொலைபேசி நிறுவனத்துக்கே சொந்தமாகவும் இருக்கலாம். அல்லது செயலி நடத்துபவர் டேட்டா செலவைத் தாமே ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடாகவும் இருக்கலாம். உருவம் எதுவானாலும் உள்ளடக்கத்தைப் பார்த்து விலை வைக்கும் முறைக்குப் பாகுபாட்டுக் கட்டணம் என்று பெயர்.

மின்சாரக் கட்டணத்தோடு ஓர் ஒப்பீடு

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். மின்சாரத்தில் வீட்டுக்கு ஒரு விலை, கடைக்கு ஒரு விலை, விவசாய பம்புசெட்டுக்கு இலவசம் என்று வைத்திருக்கிறோமே, அதை யாரும் குற்றம் என்பதில்லையே?

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த 100 யூனிட்டில் எந்த நிறுவனத்தின் மின்விசிறி ஓடியது, எந்த நிறுவனத்தின் மிக்சி அரைத்தது என்று மின்வாரியம் கேட்பதில்லை. இப்போது இப்படி ஓர் அறிவிப்பு வந்ததாக வைத்துக்கொள்வோம்: 'இந்த நிறுவனத்தின் மிக்சியை வாங்கினால் அதற்கு மீட்டர் ஓடாது.' முதல் மாதம் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஐந்தாவது ஆண்டில் கோயம்புத்தூரில் மிக்சி செய்யும் சிறு பட்டறைகள் எத்தனை மிஞ்சியிருக்கும்? அவற்றின் மிக்சி தரத்தில் எந்தக் குறையும் வந்திருக்காது. மீட்டர் ஓடும் என்பதே அதன் குறை.

ஆளைப் பொறுத்தோ, அளவைப் பொறுத்தோ, நேரத்தைப் பொறுத்தோ விலை மாறுவது வேறு. அதைக் கொண்டு என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்து விலை மாறுவது வேறு. நள்ளிரவுத் திட்டத்தில் நேரம்தான் அளவுகோல். அந்த ஆறு மணி நேரத்தில் பயனாளர் பெரிய நிறுவனத்தின் படத்தைப் பார்க்கிறாரா, நேற்று முளைத்த ஒரு மாணவரின் தளத்தைப் பார்க்கிறாரா என்பது அவர் விருப்பம். இரவில் கோபுரங்களுக்கு வேலை குறைவு. காலியாகக் கிடக்கும் இடத்தை மலிவாக விற்கிறார்கள், அவ்வளவே. வாட்ஸ்அப் திட்டத்தில் அந்தத் தேர்வை விற்பவரே முடித்துவிடுகிறார்.

வழியை வைத்திருப்பவரே சரக்கையும் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேபிள் தொலைக்காட்சி வரலாற்றை நாம் பார்த்திருக்கிறோம். எந்த அலைவரிசை எத்தனையாவது எண்ணில் வரும், எது வரவே வராது என்பதெல்லாம் கேபிளைக் கையில் வைத்திருப்பவரின் முடிவாக இருந்தது. 2007இல் மாநில அரசே அரசு கேபிள் டிவி நிறுவனத்தைத் தொடங்கும் அளவுக்கு அது அரசியல் பிரச்சினையாகவும் ஆனது. இணையத்துக்கு அந்த நிலை வரக் கூடாது என்பதே சமநிலை கேட்பவர்களின் வாதத்தின் சாரம்.

பத்து லட்சம் மின்னஞ்சல்கள்

இந்தியாவில் கதை 2014 டிசம்பரில் சூடுபிடித்தது. ஸ்கைப், வைபர் போன்ற இணைய அழைப்புகளுக்குத் தனிக் கட்டணம் வசூலிக்கப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. எதிர்ப்பு பலமாக இருந்ததால் சில நாட்களிலேயே பின்வாங்கியது. நிறுவனத்தின் கவலை புரியக்கூடியதே. நிமிடக் கணக்கில் அழைப்பு விற்றுச் சம்பாதித்த வணிகம் கண்முன்னே கரைந்துகொண்டிருந்தது. அதற்காக, டேட்டாவுக்கு ஏற்கெனவே காசு வாங்கிய பிறகு அந்த டேட்டாவில் பேசினால் இன்னொரு காசு என்பது எந்தக் கணக்கிலும் சேராது.

2015 மார்ச் 27 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள், 20 கேள்விகள். செயலிகளுக்கும் உரிமம் வேண்டுமா என்பதில் தொடங்கி, படிப்பவருக்குத் தொலைபேசி நிறுவனங்களின் குரல் ஓங்கி ஒலிப்பதாகத் தோன்றும் வகையில் அது அமைந்திருந்தது. பத்தே நாட்களில், ஏப்ரல் 6 அன்று, ஏர்டெல் ஜீரோ என்ற திட்டம் அறிமுகமானது. செயலி நிறுவனம் பணம் கட்டினால் அதன் பயனாளருக்கு டேட்டா இலவசம். ஃபிளிப்கார்ட் அதில் சேர இருந்தது. பொதுமக்களின் கோபம் செயலிக் கடைகளில் ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகளாகக் கொட்டியது. ஏப்ரல் 14 அன்று ஃபிளிப்கார்ட் விலகிக்கொண்டது. இணையத் தன்னார்வலர்கள் 20 கேள்விகளுக்கும் பதில்களைத் தயாரித்து, ஒரு பொத்தானை அழுத்தினால் டிராய்க்குப் போகும்படி ஒரு தளம் அமைத்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல்கள் குவிந்தன. வந்த கருத்துகளை டிராய் தன் தளத்தில் வெளியிட்டபோது அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும் சேர்த்தே வெளியிட்டுவிட்டது என்பது இந்தக் கதையின் சோக நகைச்சுவை.

ஃப்ரீ பேசிக்ஸ் கொடுத்தது என்ன?

ஏர்டெல் ஜீரோவை எதிர்ப்பது எளிது. வணிக நிறுவனம் வணிகம் செய்தது. ஃபேஸ்புக்கின் திட்டத்தை எதிர்ப்பது அவ்வளவு எளிதாக இல்லை.

2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து ஃபேஸ்புக் 'இன்டர்நெட்.ஆர்க்' என்ற சேவையை இந்தியாவில் கொண்டுவந்தது. முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று, தமிழிலும் கிடைத்தது. இணையமே அறியாத ஏழைக்குச் செய்தி, வானிலை, வேலைவாய்ப்பு, உடல்நலத் தகவல் எல்லாம் இலவசம் என்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பெயர் 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று மாறியது. பெயரை மாற்றியதே ஒரு ஒப்புதல் வாக்குமூலம்தான்: அது இணையம் அல்ல, சில பத்துத் தளங்களின் தொகுப்பு.

எந்தத் தளமும் சேரலாம், கட்டணம் இல்லை என்று ஃபேஸ்புக் சொன்னது உண்மை. ஆனால் சேர்வதற்கு ஃபேஸ்புக் வகுத்த தொழில்நுட்ப நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். காணொளி கூடாது, இணைய அழைப்பு கூடாது, பெரிய படங்கள் கூடாது. பயனாளரின் போக்குவரத்து ஃபேஸ்புக்கின் சர்வர் வழியாகவே செல்லும். கூகுளும் யூடியூபும் இல்லாத அந்த உலகில் சமூக ஊடகமாக ஃபேஸ்புக் இருந்தது. தர்மம் செய்வது நல்லதுதான். தர்மச் சத்திரத்துக்கு வருகிறவர்கள் எதைச் சாப்பிட வேண்டும், யாரோடு பேச வேண்டும் என்பதையும் சத்திரக்காரரே முடிவு செய்தால், அவருக்கு அதில் என்ன வருமானம் என்று கேட்கத் தோன்றாதா?

2015 டிசம்பர் 9 அன்று டிராய், டேட்டாவுக்குப் பாகுபாட்டுக் கட்டணம் வைக்கலாமா என்ற ஒரே பொருளில் நான்கு கேள்விகள் கொண்ட இரண்டாவது கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்டது. முடிவு வரும்வரை ஃப்ரீ பேசிக்ஸை நிறுத்திவைக்கும்படி ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸிடம் சொன்னது. ஃபேஸ்புக் முழுப் பக்க விளம்பரங்களில் இறங்கியது. மார்க் சக்கர்பெர்க் இந்திய நாளிதழில் கட்டுரை எழுதினார். ஃபேஸ்புக் பயனாளர்களிடம் ஆதரவு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லும் அறிவிப்புகள் வந்தன, லட்சக்கணக்கானோர் அனுப்பினார்கள். சிக்கல் என்னவென்றால், ஆயத்தமாக எழுதிக் கொடுக்கப்பட்ட அந்த மின்னஞ்சல் ஃப்ரீ பேசிக்ஸை வாழ்த்தியது. டிராய் கேட்ட நான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. கலந்தாய்வைத் திட்டமிட்டு நடத்தும் கருத்துக்கணிப்பாக மாற்றுகிறீர்கள் என்று டிராய் கடிதத்தில் கடிந்துகொண்டது. முந்தைய ஏப்ரலில் வந்த மின்னஞ்சல்களும் ஆயத்தப் பதில்கள்தாமே என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் அவை கேள்விகளுக்கான பதில்களாக இருந்தன.

2016 பிப்ரவரி 8

ஆர்.எஸ். ஷர்மா தலைமையிலான டிராய் அன்று வெளியிட்ட 'டேட்டா சேவைகளுக்கான பாகுபாட்டுக் கட்டணத் தடை ஒழுங்குமுறை' சில பக்கங்களே கொண்டது. அதன் உள்ளடக்கம் இது:

1. உள்ளடக்கத்தை அடிப்படையாகக் கொண்டு எந்தச் சேவை நிறுவனமும் டேட்டாவுக்குப் பாகுபாட்டுக் கட்டணம் அறிவிக்கவோ வசூலிக்கவோ கூடாது.

2. அத்தகைய விளைவைத் தரும் ஒப்பந்தம் எதையும் எவரோடும் செய்துகொள்ளக் கூடாது.

3. நெருக்கடிக் காலத்தில் அவசர சேவைகளை அணுகுவதற்குக் கட்டணத்தைக் குறைக்கலாம்; ஏழு வேலை நாட்களுக்குள் டிராய்க்குத் தெரிவிக்க வேண்டும்.

4. இணையத்தோடு தொடர்பில்லாத மூடிய வலையமைப்புக்கு இந்தத் தடை பொருந்தாது. ஆனால் தடையிலிருந்து தப்பிப்பதற்காக மூடிய வலையமைப்பைப் பயன்படுத்தக் கூடாது.

5. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய். உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய்.

ஐந்தாவது விதியைப் படிக்கும்போது சிரிப்பு வருவது இயல்பு. ஆயிரக்கணக்கான கோடியில் வருவாய் பார்க்கும் நிறுவனத்துக்கு 50 லட்சம் ரூபாய் தேநீர்ச் செலவு. ஆனால் மீறும் கட்டணத் திட்டத்தைத் திரும்பப் பெறும்படி உத்தரவிடும் அதிகாரமும் டிராய்க்கு உண்டு. பல் அங்கேதான் இருக்கிறது.

இந்த முடிவு எவ்வளவு அசாதாரணமானது என்பது பலருக்குத் தெரிவதில்லை. இந்தியாவில் கைபேசிக் கட்டணத்தை அரசு நிர்ணயிப்பதில்லை. நிறுவனங்கள் தாமே விலை வைத்து டிராய்க்குத் தெரிவித்தால் போதும். பிரச்சினை வந்தால் அப்போது பார்க்கலாம் என்பதே பொதுவான போக்கு. ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியே ஆராய்ந்து, கெட்டதை மட்டும் தடுக்கலாமே என்ற யோசனை இந்த விஷயத்திலும் முன்வைக்கப்பட்டது. டிராய் அதை ஏற்கவில்லை. ஒவ்வொன்றாக ஆராய்வது என்றால் வழக்கறிஞர் படை வைத்திருப்பவருக்கே வாய்ப்பு. புதிதாகத் தொழில் தொடங்கியவர் தன் எதிரி பெற்ற சலுகையை எதிர்த்து வாதாட வருவதற்குள் தொழிலே முடிந்திருக்கும். அதனால் முன்கூட்டியே ஒரு கோடு கிழித்தது.

அதற்கு டிராய் கொடுத்த விளக்கங்களில் எனக்கு மிக வலுவானதாகப் படுவது கட்டமைப்பைப் பற்றியது. திருநெல்வேலிக்காரரின் கோரிக்கை போன பாதையை மீண்டும் நினைத்துப் பாருங்கள். வழியில் எத்தனையோ நிறுவனங்களின் கேபிள்கள். அவை எதுவும், 'இது எந்தச் செயலியின் பொட்டலம்' என்று கேட்டு விலை வைக்கவில்லை. எல்லோரும் அப்படிக் கேட்காமல் கடத்துவதால்தான் இணையம் என்ற ஒன்று இருக்கிறது. பாதையின் ஒரு முனையை மட்டும் வைத்திருப்பவர், தாமும் இன்னும் பலரும் சேர்ந்து சுமக்கும் சரக்குக்குத் தம் விருப்பப்படி விலை வைத்தால் மொத்த அமைப்பும் ஆட்டம் காணும். அலைக்கற்றை பொதுச்சொத்து என்று 1995இல் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும், கருத்துச் சுதந்திரம் என்பது தகவல் பெறும் உரிமையையும் உள்ளடக்கியது என்பதையும் டிராய் துணைக்கு அழைத்தது. மூன்று நாட்களில், பிப்ரவரி 11 அன்று, ஃபேஸ்புக் இந்தியாவில் ஃப்ரீ பேசிக்ஸைக் கைவிட்டது.

எது செல்லும், எது செல்லாது?

நடைமுறையில் குழப்பம் வரும் சில இடங்கள்:

1. மாத ரீசார்ஜோடு ஒரு ஓடிடி தளத்தின் சந்தா இலவசம். செல்லும். அங்கே தள்ளுபடி செய்யப்படுவது சந்தா. படம் பார்க்கும்போது டேட்டா வழக்கம்போலவே கழியும்.

2. அந்த ஓடிடி தளத்தைப் பார்த்தால் மட்டும் டேட்டா கழியாது. செல்லாது.

3. ஒரு வங்கிச் செயலியைப் பயன்படுத்தினால் 100 எம்பி டேட்டா பரிசு. அதைக் கொண்டு எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். தடையின் எழுத்தில் அடங்காது. பரிசு எதில் செலவாகிறது என்பதில் கட்டுப்பாடு இல்லை. இதைத் தொலைபேசி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுச் செய்தால் நிலைமை சிக்கலாகும்.

4. வெள்ளத்தில் மீட்புத் தகவல் தளங்களுக்கு மட்டும் டேட்டா இலவசம். செல்லும். அவசரகால விலக்கு இதற்காகவே.

5. குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் கூடுதல் விலை, குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வேகம் குறையும். செல்லும். எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக இருக்கும்வரை.

முதல் இரண்டுக்கும் இடையிலான கோடு மெல்லியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சந்தாவை இலவசமாகக் கொடுத்தாலும் சிறு ஓடிடி நிறுவனம் நசுங்கத்தான் செய்யும். ஆனால் அது வணிகப் போட்டிச் சட்டம் பார்க்க வேண்டிய வேலை. டிராய் கையில் எடுத்தது டேட்டாவின் விலையை மட்டுமே.

ஏழைகளுக்கு இழப்பா?

எதிர்வாதங்களில் கனமானது இது. ஒன்றுமே இல்லாதவனுக்குக் கொஞ்சம் இணையம் கிடைத்தால் அதைத் தடுக்க நீங்கள் யார்? வயிறு நிறைந்தவர்கள் பசித்தவன் சாப்பிடும் கஞ்சியில் சத்து இல்லை என்று தட்டிவிடுவது போன்றது இது என்றார்கள். 2014இல் 1 ஜிபி டேட்டாவின் சராசரி விலை 250 ரூபாய்க்கு மேல் இருந்த நாட்டில் இந்த வாதத்தை எளிதாக உதறிவிட முடியாது.

அதற்கான விடை வாதத்திலிருந்து வரவில்லை, சந்தையிலிருந்து வந்தது. தடை வந்து ஏழு மாதங்கள் முடிவதற்குள், 2016 செப்டம்பர் 5 அன்று, ஜியோ சந்தைக்கு வந்தது. முதல் சில மாதங்கள் முழு இணையத்தையும் இலவசமாகத் திறந்துவிட்டது. மற்ற நிறுவனங்கள் வேறு வழியின்றி விலையை இறக்கின. இன்று 1 ஜிபி சுமார் 10 ரூபாய். ஜியோவின் அந்த இலவசத்தைப் பற்றிப் போட்டி நிறுவனங்கள் கடுமையாகப் புகார் செய்தன. சந்தையில் நிறுவனங்களின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கியதையும் மறக்க முடியாது. அது தனியாகப் பேச வேண்டிய கதை. இங்கே கவனிக்க வேண்டியது, தன் செயலிகளை மட்டும் இலவசமாகக் கொடுக்கும் குறுக்குவழி மூடப்பட்டிருந்தது என்பது. கொடுப்பதென்றால் முழு இணையத்தையும்தான் கொடுக்க வேண்டும். அப்படி வந்த இணையத்தில்தான் கிராமத்துப் பெட்டிக்கடைவரை யுபிஐ போனது. சமையல் செய்து காட்டிய தாத்தாக்களும் விவசாயிகளும் யூடியூபில் பார்வையாளர்களைச் சேர்த்தார்கள். காணொளி கூடாது என்ற ஃப்ரீ பேசிக்ஸ் நிபந்தனைக்குள் இவர்களுக்கு இடம் இருந்திருக்காது.

விலைக்கு அப்பால்

2016 விதி விலையை மட்டுமே தொட்டது. தடுத்தல், வேகம் குறைத்தல் ஆகிய மற்ற இரண்டையும் பற்றி டிராய் 2017 நவம்பர் 28 அன்று பரிந்துரை அளித்தது. 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை அதை ஏற்று, அதே ஆண்டில் உரிம நிபந்தனைகளில் சேர்த்தது. உள்ளடக்கத்தைத் தடுப்பது, தரம் குறைப்பது, வேகம் குறைப்பது, ஒன்றுக்கு மட்டும் வேகச் சலுகை தருவது எல்லாம் தடை. நியாயமான போக்குவரத்து மேலாண்மை, நீதிமன்ற மற்றும் அரசுத் தடை உத்தரவுகள், தனிச்சிறப்புச் சேவைகள் (பொது இணையமாக அல்லாமல் ஒரு குறிப்பிட்ட தேவைக்கென்றே தனித் தரத்தில் தரப்படுபவை) ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு.

விலக்குகளில் ஒன்று அதிகம் பேசப்படுவதில்லை. பெரிய நிறுவனங்கள் தங்கள் காணொளிகளின் நகல்களைத் தொலைபேசி நிறுவனங்களின் வளாகத்துக்கு அருகிலேயே சர்வர்களில் வைத்துக்கொள்கின்றன. சிடிஎன் எனப்படும் இந்த ஏற்பாடு விதிக்கு வெளியே விடப்பட்டது. தொழில்நுட்பரீதியில் அதற்குக் காரணம் இருக்கிறது: பாதை குறைகிறது, நெரிசல் குறைகிறது, எல்லோருக்கும் நன்மை. ஆனால் காசு உள்ளவரின் காணொளி விரைவாகவும் இல்லாதவரின் காணொளி மெதுவாகவும் வருவதற்கு இதுவே போதும். சமநிலை என்பது பாதையில் பாகுபாடு கூடாது என்கிறதே தவிர, ஒருவர் பாதையின் தொடக்கத்துக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொள்வதைத் தடுப்பதில்லை.

பிற நாடுகளை ஒரு பார்வை பார்த்துவிடலாம். 2010இல் இதற்குச் சட்டம் இயற்றிய முதல் நாடு சிலி. ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் விதி வகுத்தது. ஆனால் ஜீரோ ரேட்டிங் பற்றித் தெளிவாகப் பேசவில்லை. 2020, 2021 தீர்ப்புகளில் ஐரோப்பிய நீதிமன்றம்தான் அது விதிக்கு முரணானது என்று முடித்துவைத்தது. அமெரிக்கா 2015இல் கொண்டுவந்து, 2017இல் ரத்து செய்து, 2024இல் மீண்டும் கொண்டுவந்து, 2025 ஜனவரியில் நீதிமன்றத்தில் இழந்தது. ஆட்சி மாறினால் இணைய விதியும் மாறும் என்பது அங்கே வழக்கமாகிவிட்டது.

எதிர்த் திசையிலிருந்து ஒரு கட்டணம்

இப்போது செய்திகளில் அடிபடும் 'நியாயமான பங்கு' இதே கேள்வியை மறுபக்கமிருந்து கேட்கிறது. இந்தியத் தொலைபேசி நிறுவனங்களின் வாதம்: எங்கள் வலையமைப்பில் ஓடும் போக்குவரத்தின் பெரும்பகுதி சில பெரிய நிறுவனங்களுடையது. 5ஜிக்கு முதலீடு செய்வது நாங்கள், லாபம் பார்ப்பது அவர்கள். எனவே அவர்கள் எங்களுக்குப் பணம் தர வேண்டும். 2023 ஜூலையில் ஓடிடி சேவைகள் பற்றி டிராய் நடத்திய கலந்தாய்விலும் இந்தக் கோரிக்கை ஒலித்தது.

முதலில் ஒரு திருத்தம். அந்தப் போக்குவரத்து யூடியூபோ நெட்ஃபிளிக்ஸோ நம் மீது தள்ளிவிடுவது அல்ல. யாரோ ஒருவர் தன் கைபேசியில் 'பார்' என்று அழுத்துவதால் வருவது. அவர் அந்த டேட்டாவுக்கு ஏற்கெனவே ரீசார்ஜ் செய்துவிட்டார். ஒரே பொட்டலத்துக்கு இரு முனையிலும் கூலி கேட்பதே இந்தக் கோரிக்கை.

தென்கொரியா இதற்கு நெருக்கமான ஒன்றைச் செய்து பார்த்தது. அங்கே 2016 முதல், போக்குவரத்தை அனுப்பும் வலையமைப்பு பெறும் வலையமைப்புக்குப் பணம் தர வேண்டும் என்ற விதி இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸுக்கும் அந்நாட்டு இணையச் சேவை நிறுவனமான எஸ்கே பிராட்பேண்டுக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்து 2023இல் சமரசமானது. நேரலை விளையாட்டுக் காணொளித் தளமான ட்விட்ச், வலையமைப்புக் கட்டணம் மற்ற பெரும்பாலான நாடுகளைவிடப் பத்து மடங்கு அதிகம் என்று சொல்லி, முதலில் காணொளியின் தரத்தைக் குறைத்தது. 2024 பிப்ரவரியில் கொரியாவை விட்டே வெளியேறியது.

இந்தியாவில் 2016 விதி இதைத் தடுக்குமா? நேரடியாகத் தடுக்காது. அந்த விதி பேசுவது வாடிக்கையாளரிடம் வசூலிக்கும் கட்டணத்தைப் பற்றி. தொலைபேசி நிறுவனமும் செயலி நிறுவனமும் தமக்குள் பணம் கைமாற்றிக்கொண்டு, வாடிக்கையாளரின் டேட்டா விலை எல்லாத் தளங்களுக்கும் ஒன்றாகவே இருந்தால் அந்த விதியின் எழுத்துக்குள் இது வராது. ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் ஒரு கேள்வி எப்படியும் வரும்: பணம் தர மறுக்கும் நிறுவனத்தை என்ன செய்வீர்கள்? ஒன்றும் செய்ய மாட்டோம் என்றால் யாரும் பணம் தரப்போவதில்லை. அதன் காணொளியை மெதுவாக்குவோம் அல்லது தடுப்போம் என்றால், அது 2018இல் அவர்களின் உரிமத்தில் சேர்க்கப்பட்ட நிபந்தனையை மீறுவது. எனவே 'நியாயமான பங்கு' நடைமுறைக்கு வர வேண்டுமானால், பணம் தரும்படி செயலி நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் புதிய சட்டம் வேண்டும். இல்லாவிட்டால் அந்த உரிம நிபந்தனையைத் தளர்த்த வேண்டும். அடுத்த கலந்தாய்வு அறிக்கை வெளிவரும்போது, எத்தனை பக்கங்கள் இருந்தாலும், முதலில் தேடிப் பார்க்க வேண்டியது இந்த இரண்டில் எதைக் கேட்கிறார்கள் என்பதைத்தான்.